காலடியில் ஒரு காண்டாக் கம்பு

பட்டறைப் பக்கம்



சென்ற முறை மோட்டார் சைக்கிள் சங்கிலியை எப்போது மாற்ற வேண்டும் என்று பார்த்தோம். இந்த முறை பந்தயக் காரின் பிரேக் பெடலைப் பற்றி எழுதப் போகிறேன். "பந்தயக் காருக்கும் நமக்கும் என்ன சம்பந்தம்? வீட்டில் இருப்பது ஒரு பழைய கப்சாய்தானே!" என்று நீங்கள் சிரிப்பது எனக்குக் கேட்கிறது. கொஞ்சம் பொறுங்கள். சம்பந்தம் இருக்கிறது.

2007-இல் பெஸ்தாரி ஜெயா என்று பெயர் மாறிய ஊரை நம்மில் மூத்தவர்கள் இன்னும் பத்தாங் பெர்ஜுந்தை என்றே சொல்கிறோம். அந்தப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில், நான் வளர்ந்த லயத்துக்கு அடுத்த லயத்தில் குடியிருந்தவருடைய மகன், ரவாங்கில் ஒரு பட்டறையில் வேலை செய்கிறான். இரத்த சொந்தம் இல்லை. ஆனாலும் சிறு வயதிலிருந்து என்னைப் பெரியப்பா என்றுதான் கூப்பிடுவான். ஒரு நாள் மாலை போன் செய்தான்.

"பெரியப்பா, ஒரு பழைய எஸ்கார்ட்டு வந்திருக்கு. ரேஸ் வண்டி. பிரேக் பெடல புதுசா செஞ்சு மாட்டணும். தவுக்கே அந்த வேலைய என்கிட்டயே குடுத்துட்டாரு. ஒரு தடவ வந்து பாக்குறீங்களா?"

குரலில் சந்தோஷமும் இருந்தது, பயமும் இருந்தது. பயம் இருந்ததே எனக்கு நல்ல அறிகுறியாகப் பட்டது. மறுநாள் கோலசிலாங்கூரிலிருந்து புறப்பட்டுப் போனேன்.

ஃபோர்டு எஸ்கார்ட் 1968-இல் விற்பனைக்கு வந்த கார். 1970-இல் லண்டனிலிருந்து மெக்சிகோ வரை நடந்த நெடுந்தூரப் பந்தயத்தில் முதலாவதாக வந்து புகழ் பெற்றது. நம் பத்து தீகாவில் பந்தயத் தடம் திறக்கப்பட்டதும் அதே 1968-இல்தான். அதற்கு முன் 1962 முதல் 1965 வரை மலேசிய கிராண்ட் பிரி பந்தயம் சிங்கப்பூரின் தோம்சன் சாலையில் நடந்தது. சிங்கப்பூர் பிரிந்து போன பிறகு நமக்கென்று ஒரு தடம் வேண்டியிருந்தது.

பத்து தீகாவுக்கு என் மாமா ஒருமுறை என்னை அழைத்துப் போனார். புல்மேட்டில் உட்கார்ந்து வேர்க்கடலை தின்றுகொண்டே பார்த்தோம். நேர்ச்சாலையில் எல்லாக் கார்களும் ஏறக்குறைய ஒரே வேகத்தில்தான் போயின. ஆனால் வளைவு வரும் இடத்தில் ஒருவன் முன்னாலேயே பிரேக் போட்டுவிடுகிறான். இன்னொருவன் கடைசிவரை வந்து, சட்டென்று அழுத்தி, அவனை முந்திக்கொண்டு உள்ளே நுழைந்துவிடுகிறான். மாமா சொன்னார்: "பாத்தியாடா? வேகமாப் போறவன் ஜெயிக்கல. நேரத்துல நிறுத்துறவன்தான் ஜெயிக்கிறான்."

மாமா படித்தவர் அல்லர். ஆனால் அவர் சொன்னது பந்தய உலகம் பெரும் விலை கொடுத்துக் கற்றுக்கொண்ட பாடம். திரவத்தின் அழுத்தத்தால் நான்கு சக்கரங்களையும் பிடிக்கும் முறையோடு 1921-இல் பிரான்சு நாட்டு கிராண்ட் பிரிக்குப் போன அமெரிக்க டூசன்பெர்க் கார் அந்தப் பந்தயத்தை வென்றது. 1953-இல் பிரான்சின் லெ மான் நகரில் நடக்கும் 24 மணி நேரப் பந்தயத்தில், தட்டு பிரேக் பொருத்திய ஜாகுவார் வென்றது. நம்பி அழுத்த ஒரு பிரேக் இருந்ததால்தான் அந்த ஓட்டுநர்கள் வேகத்தை விடாமல் வளைவுவரை வர முடிந்தது.

இன்று பத்து தீகாத் தடம் இல்லை. 1999-இல் சிப்பாங் தடம் திறந்து, 2017 வரை ஃபார்முலா 1 பந்தயம் அங்கே நடந்தது. 2005-இல் அதே தடத்தில் ஒரு தமிழ்நாட்டுப் பிள்ளை ஓட்டியதை வாசகர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். கோயம்புத்தூரைச் சேர்ந்த நரேன் கார்த்திகேயன். ஃபார்முலா 1 பந்தயத்தில் ஓடிய முதல் இந்தியர். சிப்பாங்கில் அன்று பதினோராவதாக வந்தார்.

அவர் வானத்திலிருந்து குதித்து வந்துவிடவில்லை. சென்னைக்கு வடக்கே சோழவரத்தில், இரண்டாம் உலகப் போர்க்காலத்து விமான ஓடுதளம் ஒன்றில், 1950-களிலிருந்து பல ஆண்டுகள் கார்ப் பந்தயம் நடந்தது. வெளிநாட்டு உதிரிபாகம் எளிதில் கிடைக்காத காலம். ஆகவே பட்டறைக்காரர்கள் கிடைத்த இரும்பை வெட்டி, கடைந்து, தாங்களே செய்து மாட்டினார்கள். பிறகு 1990-இல் ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் முறையான தடம் வந்தது. கோயம்புத்தூர் கரிவரதன் என்பவர், மாருதி 800 என்ஜினை வைத்தே ஒற்றை ஆள் உட்காரும் பந்தயக் காரை உருவாக்கினார். அதற்கு ஃபார்முலா மாருதி என்று பெயர். நரேன் பந்தயம் பழகத் தொடங்கியதும் அந்தக் காரில்தான். கரிவரதன் 1995-இல் விமான விபத்தில் மறைந்தார். கோயம்புத்தூர் செட்டிபாளையத்தில் இருக்கும் பந்தயத் தடத்துக்கு அவர் பெயரையே வைத்திருக்கிறார்கள்.

ஓட்டியவர் பெயர் ஊருக்குத் தெரியும். பெடலை மாட்டியவர் பெயர் யாருக்கும் தெரியாது. நான் இன்று பேச வந்தது அந்தப் பெயர் தெரியாதவர்களின் வேலையைப் பற்றி.

ரவாங் பட்டறைக்குப் போனேன். எஸ்கார்ட்டின் உள்ளே எல்லாவற்றையும் கழற்றிப் போட்டிருந்தார்கள். பழைய பெடலும் அதன் ஒரே மாஸ்டர் பம்பும் கீழே கிடந்தன. அந்தக் காலத்துப் பல வண்டிகளில் ஒரே ஒரு பம்புதான் இருக்கும். காலால் மிதித்தால் அது எண்ணெய்யைத் தள்ளும். அந்த ஒரே எண்ணெய் நான்கு சக்கரத்துக்கும் போகும். எங்காவது ஒரு குழாய் வெடித்தால் நான்கு சக்கரமும் போச்சு.

அதற்குப் பதிலாகத்தான் பந்தயக் காரில் இரண்டு பம்பு வைக்கிறார்கள். ஒன்று முன் சக்கரங்களுக்கு, மற்றொன்று பின் சக்கரங்களுக்கு. பெடல் ஒன்று, பம்பு இரண்டு. ஒரு காலின் பலத்தை இரண்டாகப் பிரிப்பது எப்படி?

இங்கேதான் நம் காண்டாக் கம்பு வருகிறது. பால்மரக் காலத்தில் நம் தாய் தந்தையர் தோளில் கம்பை வைத்து, இரு முனையிலும் பால் வாளியைத் தொங்கவிட்டு நடந்தார்களே, அதேதான். பெடலின் நடுவில் ஒரு சிறு குழாயை வைத்து வெல்டிங் செய்திருப்பார்கள். அதற்குள் உருண்டை பேரிங் ஒன்று. பேரிங்கின் நடுவே ஒரு கம்பி குறுக்காகப் போகும். கம்பியின் இரு முனையிலும் கவட்டை போன்ற பிடிகள். ஒவ்வொரு கவட்டையும் ஒரு பம்பின் தள்ளுகம்பியைப் பிடித்திருக்கும். பெடலை மிதித்தால் கம்பி முன்னே போய் இரண்டு பம்பையும் சேர்த்துத் தள்ளும். பேரிங்தான் தோள். பம்புகள்தான் வாளிகள்.

கணக்கையும் பார்த்துவிடுவோம். பெடல் தொங்கும் ஆணியிலிருந்து கால் வைக்கும் இடம்வரை 250 மில்லிமீட்டர், ஆணியிலிருந்து கம்பிவரை 50 மில்லிமீட்டர் என்று வையுங்கள். ஐந்துக்கு ஒன்று. காலால் 40 கிலோ அழுத்தினால் கம்பியில் 200 கிலோ விழும். கடப்பாரையால் பாறையைப் புரட்டுகிறோமே, அதே சூத்திரம். பேரிங் சரியாக நடுவில் இருந்தால் பம்புக்கு நூறு நூறு கிலோ. கவட்டைகளுக்கு நடுவே 60 மில்லிமீட்டர் என்றால், பேரிங்கை முன் சக்கரப் பம்பின் பக்கம் 3 மில்லிமீட்டர் நகர்த்தினால் அதற்கு 110, மற்றதற்கு 90. வாளி கனமான பக்கம் தோளை நகர்த்திக்கொள்வது போலத்தான்.

பம்பின் உள்விட்டமும் முக்கியம். முக்கால் அங்குலப் பம்பில் நூறு கிலோ விழுந்தால், எண்ணெய்யில் சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 35 கிலோ அழுத்தம் உண்டாகும். எட்டில் ஐந்து பங்கு அங்குலம் உள்ள சிறிய பம்பில் அதே நூறு கிலோ சுமார் 50 கிலோ அழுத்தம் தரும். சிறிய பம்பு பலம் அதிகம் தரும். ஆனால் குறைவான எண்ணெய்யைத்தான் தள்ளும், ஆகவே பெடல் அதிக தூரம் போகும். எதை எங்கே போடுவது என்பதைச் சக்கரத்தில் உள்ள கெலிப்பரைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

முன்னுக்கும் பின்னுக்கும் ஏன் இந்தப் பங்கீடு? பிரேக் போட்டதும் வண்டியின் பாரம் முன்னால் சாய்கிறது. பஸ்ஸில் நின்றுகொண்டு வந்தவர்களுக்கு இது தெரியும். பாரம் குறைந்த பின் சக்கரம் முதலில் சுழலாமல் நின்றுவிட்டால் வண்டி பம்பரமாகச் சுற்றிவிடும். ஆகவே முன் சக்கரம்தான் ஒரு நூல் முந்தி நிற்க வேண்டும்.

பையன் வேலையைச் சுத்தமாகச் செய்திருந்தான். என்ஜினுக்கும் காலுக்கும் நடுவே உள்ள தகடு மெல்லியது. 200 கிலோ அழுத்தத்தில் அது வளைந்து கொடுத்தால் பெடல் பஞ்சு போல ஆகிவிடும். அதனால் பின்னால் ஒரு கனத்த தகடு வைத்து, போல்ட்டுகளை அதனோடு சேர்த்து முடுக்கியிருந்தான். தள்ளுகம்பிக்கும் பம்புக்கும் நடுவே ஒரு மில்லிமீட்டர் இடைவெளி விட்டிருந்தான். அந்த இடைவெளி இல்லாவிட்டால் பம்பு முழுவதும் திரும்பாது. காலை எடுத்த பிறகும் பிரேக் பிடித்துக்கொண்டே இருக்கும்.

அன்று வியாழக்கிழமை. கார்க்காரர் சனிக்கிழமை காலை சிப்பாங் போக வேண்டும் என்று சொல்லியிருந்தார். காற்று எடுக்கும் வேலை மட்டும் பாக்கி. இந்த மாதிரி இரட்டைப் பம்பு வண்டியில் முன் சக்கரம் ஒன்றையும் பின் சக்கரம் ஒன்றையும் ஒரே நேரத்தில் திறந்து காற்றை எடுக்க வேண்டும். ஒன்றை மட்டும் திறந்தால் கம்பி ஒரு பக்கம் சாய்ந்துவிடும். ஆகவே மூன்று பேர் வேண்டும். பையன் முன்னால், நான் பின்னால். பெடலை மிதிக்க ஆள் இல்லை. அவனுக்குச் சாப்பாடு கொண்டு வந்திருந்த அவன் அப்பா, "நான் மிதிக்கிறேன்" என்று ஏறி உட்கார்ந்தார்.

அவரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். 1980-களில் அவர் ஒரு தோட்டத்தில் செம்பனைக் குலை ஏற்றும் லோரியில் உதவியாளாக இருந்தார். ஒரு நாள் இறக்கத்தில் அந்த லோரிக்குப் பிரேக் இல்லாமல் போயிற்று. ஒரே பம்பு, ஒரே குழாய். குழாய் துருப்பிடித்து வெடித்திருந்தது. ஓட்டுநர் வண்டியைக் கரையில் மோதி நிறுத்தினார். இவர் குதித்தார். உயிர் தப்பியது. இடது கால் மட்டும் இன்றுவரை சரியாக மடங்காது.

"மிதிங்கப்பா... பிடிங்க... விடுங்க." அரை மணி நேரத்தில் காற்று முழுவதும் வெளியேறிப் பெடல் கல் மாதிரி ஆயிற்று. அவன் முகத்தில் வெளிச்சம். தவுக்கே வந்து ஒருமுறை மிதித்துப் பார்த்து, கட்டை விரலைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போனார்.

நான் சொன்னேன்: "தம்பி, இன்னும் ஒண்ணு பாக்கி. இப்ப முன் சக்கர நிப்பிள தொறந்து வச்சிட்டு மிதிக்கச் சொல்லு."

ஏன் அப்படிச் சொன்னேன்? முன் குழாய் வெடித்துவிட்டது என்று வைத்துக்கொண்டு பார்க்கிற சோதனை அது. முன் பம்புக்கு எதிர்ப்பே இல்லாதபோது கம்பி அந்தப் பக்கம் சாயும். சாய்ந்து, கவட்டை அந்தச் சிறு குழாயின் விளிம்பில் முட்டி நிற்க வேண்டும். அதற்குப் பிறகு பெடல் மற்றப் பம்பைத் தள்ள வேண்டும். பின் சக்கரமாவது பிடிக்க வேண்டும். இரண்டு பம்பு வைப்பதன் பயனே அதுதான்.

அவன் அப்பா மிதித்தார். பெடல் போனது, போனது, தகட்டில் "டக்" என்று முட்டியது. பின் சக்கரத்தை நான் கையால் சுற்றினேன். சுற்றியது.

யாரும் பேசவில்லை. அவர் பெடலிலிருந்து காலை எடுக்கவும் இல்லை. "இப்படித்தான் இருந்துச்சு" என்று மட்டும் மெதுவாகச் சொன்னார்.

கோளாறு எங்கே என்று பார்த்தோம். கவட்டைகளுக்கும் நடுக் குழாய்க்கும் உள்ள இடைவெளி இரு பக்கமும் சேர்த்துப் பெரும்பாலும் ஐந்து, ஆறு மில்லிமீட்டர் இருக்கும். சரியான அளவு பம்புப் பெட்டியோடு வரும் தாளில் போட்டிருக்கும். இங்கே அளந்தால் பன்னிரண்டு! பெடலின் நடுக் குழாயை அவன்தான் வெட்டியிருந்தான். ஆறு மில்லிமீட்டர் குட்டையாக வெட்டிவிட்டான். அதனால் கம்பி அளவுக்கு மீறிச் சாய்ந்தது. முட்டி நிற்பதற்குள் பெடலின் ஓட்டம் தீர்ந்துவிட்டது. இரண்டு பம்பும் நன்றாக வேலை செய்யும்வரை இந்தக் குறை யார் கண்ணுக்கும் தெரியாது. ஒன்று போகிற அன்றைக்குத்தான் தெரியும்.

சரி செய்வதென்றால் எண்ணெய்யை இறக்கி, எல்லாவற்றையும் கழற்றி, புது நடுக் குழாய் வெட்டி வெல்டிங் செய்து, மறுபடி மாட்ட வேண்டும். சனிக்கிழமை நடக்காது. "சும்மா விட்டுடலாமா?" என்று அவன் கேட்கவில்லை. ஆனால் அவன் கண் ஒரு நொடி தவுக்கேயின் அறைப் பக்கம் போனது. அவனுக்கு இது முதல் பெரிய வேலை. தப்பும் அவனுடையது. வாயை மூடிக்கொண்டால் யாருக்கும் தெரியப் போவதில்லை.

நான் எதுவும் சொல்லவில்லை. அவன் அப்பாவும் சொல்லவில்லை. அவன் கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனான். கண்ணாடி வழியாகப் பார்த்தோம். தவுக்கே எழுந்து நின்று கையை ஆட்டிப் பேசினார். பிறகு உட்கார்ந்தார். பிறகு கார்க்காரருக்குப் போன் செய்தார்.

அவன் வெளியே வந்து சொன்னது இவ்வளவுதான்: "ரெண்டு நாள் சம்பளம் புடிப்பேன்னாரு. அப்புறம், அதெல்லாம் வேணாம், நீ சரியா செஞ்சு முடின்னாரு."

அடுத்த வாரம் மறுபடி சோதித்தோம். முன்னைத் திறந்தபோது பின் பிடித்தது. பின்னைத் திறந்தபோது முன் பிடித்தது. பெடலை மிதித்தவர் இந்த முறையும் அவன் அப்பாதான்.

வாசகர்களே, எஸ்கார்ட் நம் வீட்டில் இல்லை. ஆனால் பிரேக் எல்லார் வீட்டிலும் இருக்கிறது. ஆகவே சில வார்த்தைகள்:

பெடலையோ கைப்பிடியையோ இரண்டு மூன்று முறை அடித்தால்தான் பிரேக் பிடிக்கிறது என்றால், உள்ளே காற்று இருக்கிறது அல்லது எண்ணெய் கசிகிறது. சிவப்பு விளக்கில் நிற்கும்போது, அழுத்திய பெடல் மெல்ல மெல்லக் கீழே இறங்கினால் பம்பின் ரப்பர் தேய்ந்திருக்கலாம். நாளைக்குப் பார்க்கலாம் என்று விடாதீர்கள்.

பிரேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். டோட் 4 வகை எண்ணெய் புதிதாக இருக்கும்போது 230 டிகிரிவரையாவது கொதிக்காமல் தாங்க வேண்டும் என்பது விதி. ஈரம் ஏறிய பிறகு அதற்கு விதித்திருப்பது 155 டிகிரிதான். நீண்ட இறக்கத்தில் எண்ணெய் கொதித்து ஆவியானால், மிதிக்கும் கால் வெறும் காற்றைத்தான் மிதிக்கும். நம் ஊர் ஈரக் காற்றில் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறையாவது மாற்றிவிடுங்கள். என்ஜின் எண்ணெய்யை மட்டும் அதில் ஊற்றிவிடாதீர்கள். ரப்பர் ஊதிக் கெட்டுவிடும்.

இளைஞர்களுக்கு ஒன்று. இந்த இரட்டைப் பம்புப் பெடலைப் பார்த்து ஆசைப்பட்டுச் சாலையில் ஓடும் வண்டியில் மாட்டாதீர்கள். அது பந்தயத் தடத்துக்கு உரியது. சாலை வண்டியின் பிரேக்கை மாற்றிக் கட்டுவதற்குச் சாலைப் போக்குவரத்து இலாகாவின் அனுமதி வேண்டும். இந்த வேலையில் ஆசை இருந்தால் முறையாகப் படியுங்கள். மலேசியத் திறன் சான்றிதழுக்கு மூன்று நிலைகள் உண்டு. அதற்கு மேல் டிப்ளோமாவும் உண்டு. பள்ளிக்கூடத்தில் கணக்குப் பிடிக்காத பிள்ளைக்குக் கூட, ஐந்துக்கு ஒன்று என்ன என்பதைப் பெடலில் காட்டினால் புரிந்துவிடும்.

பெற்றோருக்கும் ஒன்று. பிள்ளை பட்டறை வேலைக்குப் போகிறான் என்றால் கையில் கறை படுகிறதே என்று வருந்தாதீர்கள். தன் தப்பைத் தானே போய்ச் சொல்லும் தைரியம் அவனுக்கு இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். அது இருந்தால், முகம் தெரியாத ஒருவர் தம் உயிரை அவன் கையில் நம்பிக் கொடுக்கலாம்.

அடுத்த முறை, மழைக்காலத்தில் மோட்டார் சைக்கிள் டயரை எப்படிப் பார்த்து வாங்குவது என்று எழுதுகிறேன். அதுவரை, வண்டியை எடுக்கும் முன் பிரேக்கை ஒருமுறை அழுத்திப் பாருங்கள்.

மீண்டும் சந்திப்போம்.